ஒரே ஒரு வாய்

அத்தியாயம் ஒன்பது

எட்டு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தவளுக்கு அம்மா தட்டில் வைத்தது கடையில் வாங்கிய பன்னும் ஒரு வாழைப்பழமும்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசற்கதவு திறந்ததும் பல்லி மூக்கை உறிஞ்சினாள் என்று போன வாரம் சொல்லி நிறுத்தினேன், இல்லையா? மருந்து நெடி வந்தது, துவைத்த துணியின் ஈர வாசனை வந்தது. அவ்வளவுதான். வெங்காயம் வதங்கும் வாசனை இல்லை. பூண்டு இல்லை. சமையலறை மேடை ஆஸ்பத்திரி மேஜை மாதிரி துடைத்துக் கிடந்தது.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பல்லி என்பது அப்பா வைத்த பெயர். பல் செட் செய்யும் லேபில் அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே, "பல் செய்யறவ பல்லி" என்று சொல்லிவிட்டார். முப்பத்திரண்டு வயதாகியும் அந்தப் பெயர் போகவில்லை.

மூன்று மாதத்துக்கு முன் அப்பா பக்கவாதம் வந்து விழுந்தபோது அவள் ஓடி வந்தாள்தான். அந்த நான்கு நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே போய்விட்டன. வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. அதற்குப் பிறகு கையும் காலும் அப்பாவுக்கு முக்கால்வாசி திரும்பிவிட்டன. பேச்சு குழறலாக வந்துவிட்டது. விழுங்குவது மட்டும் வரவில்லை. தண்ணீர் ஒரு மடக்குக் குடித்தாலும் தப்பான பாதையில் போய் நுரையீரலில் இறங்கிவிடும் என்றார்கள். மூக்கு வழியாக ஒரு குழாய் போட்டு அனுப்பினார்கள்.

இதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரியாதது, அந்த வீட்டில் யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதுதான். போனில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் "ஆச்சு" என்றுதான் அம்மா சொல்வாள். அதில் பொய் எதுவும் இல்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் அதைக் கண்ணால் பார்த்தாள்.

பின்பக்கம், துணி துவைக்கும் இடத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, வாஷிங் மெஷின் மேல் தட்டை வைத்து, சுவரைப் பார்த்து நின்றபடி அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நேற்று வேகவைத்த உருளைக்கிழங்கு இரண்டு, உப்பு. ஏழெட்டு வாயில் முடிந்தது. தட்டை அங்கேயே குழாயில் கழுவினாள். வாய் கொப்பளித்தாள். பிறகு ஒரு துணியால் உதட்டை அழுத்தித் துடைத்து உள்ளங்கையில் ஊதி முகர்ந்து பார்த்துக்கொண்டாள்.

"என்னம்மா இது?"

அம்மா விரலை உதட்டில் வைத்தாள். "மெல்லப் பேசு. உங்கப்பாவுக்குக் கேக்கும்."

"நீ தினம் இங்கேதான் சாப்பிடறியா?"

"வேற எங்கே சாப்பிடறது? அவர் முன்னாடி உக்காந்து எப்படி இறங்கும்?"

"தம்பி?"

"அவன் லிப்ட் ரிப்பேர் பண்ற கட்டடத்துலயே முடிச்சுட்டு வந்துடுவான். லிப்ட் மோட்டார் இருக்கற ரூம்ல, மொட்டை மாடில. வெயிலோ மழையோ."

"மூணு மாசமா?"

"மூணு மாசமா வீட்டுல எண்ணெய்ச் சட்டி ஏறல." சொல்லும்போது அம்மாவின் குரலில் வருத்தம் இல்லை. கரண்ட் இல்லை, தண்ணீர் வரவில்லை என்பது போல ஒரு தகவல்.

அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறாமல் மூன்று நாள் இருந்ததாக பல்லிக்கு நினைவில்லை. அப்பா முப்பத்தோரு வருடம் தொலைதூர பஸ் ஓட்டியவர். எந்தத் திருப்பத்தில் எந்தக் கடையில் முட்டை நன்றாக இருக்கும், எந்த ஊர் ரொட்டி ஆறினால் செருப்பு மாதிரி ஆகும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. வண்டியை விட்டு இறங்கி வீட்டுக்குள் வரும்போதே, "என்ன, மிளகு தூக்கலா இருக்கே?" என்று வாசலிலிருந்தே சொல்வார். சட்டையைக் கழற்றுவதற்கு முன் சட்டியின் மூடியைத் திறப்பார். அம்மா கரண்டியாலேயே கையில் ஒன்று வைப்பாள். "சாப்பாட்டு ராமா, உக்காரு முதல்ல" என்பாள். கோபம் மாதிரி இருக்கும். கோபம் இல்லை.

ஒன்பது மணிக்கு அவருக்குச் சாப்பாடு.

அம்மா கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினாள். முதுகுக்கு இரண்டு தலையணை. குழாயில் மூக்கோரம் மையால் போட்டிருந்த கோடு நகர்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். வெந்நீரில் பவுடரைக் கரைத்து, வடிகட்டி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தாள். பெரிய சிரிஞ்சைக் குழாயில் செருகி, திரவத்தை ஊற்றி, கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். வெள்ளையாக அது மெதுவாக இறங்கியது.

"இன்னைக்கு என்ன ஸ்பெஷல்?" அப்பா கேட்டார். வார்த்தைகள் நாக்கில் கொஞ்சம் வழுக்கின. வீட்டில் இருப்பவர்களுக்குப் புரியும்.

"வெள்ளை," என்றாள் அம்மா.

"நேத்தும் வெள்ளைதானே?"

"நேத்து இருந்தது இளவெள்ளை."

"கைப்பக்குவம் மாறவே இல்லடி உனக்கு."

பல்லி சிரித்தாள். சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எதிர் வீட்டு மாடியில் யாரோ போர்வை உதறிக்கொண்டிருந்தார்கள். அதை ரொம்ப நேரம் பார்த்தாள்.

குழாயில் தண்ணீர் விட்டு அலசி மூடியதும் அப்பா இருமினார். இரண்டு தடவை. டவலால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இருமல் எப்போலேர்ந்து?" என்று பல்லி கேட்டாள்.

"குளிர்காத்து," என்று அம்மா சொல்லிவிட்டுச் சிரிஞ்சைக் கழுவப் போனாள். வேகமாகவே போனாள்.

அப்பா மகளைக் கிட்டே வரும்படி கை காட்டினார்.

"என்ன சாப்பிட்டே?"

"சாப்பிட்டேம்பா."

"என்ன சாப்பிட்டேன்னு கேட்டேன்."

"பன்னு."

"நல்லா இருந்ததா?"

"பன்னு என்னப்பா நல்லா இருக்கறது."

அவர் தலையாட்டினார். "இந்த வீட்டுல எல்லாரும் திருடங்க மாதிரி சாப்பிடறாங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு. உங்கம்மா பின்னாடி கதவைச் சாத்துவா. உன் தம்பி சட்டையில வெளிச் சாப்பாட்டு வாசனையோட வந்து நேரா குளிக்கப் போவான்." மூச்சு வாங்கினார். "எனக்குத் தொண்டைதான் அடைச்சிருக்கு. மூக்கு அடைக்கல. ஒரு மூக்குலதான் குழாய். இன்னொண்ணு சும்மாத்தான் இருக்கு."

"அப்பா..."

"மீன் வாங்கிட்டு வா. வறு. எல்லாரும் இங்கே உக்காந்து சாப்பிடுங்க. என் முன்னாடி. வாசனையாவது வரட்டும்."

அவள் எழுந்து சமையலறைக்குப் போய்ச் சொன்னதும் அம்மா சிரிஞ்சைக் கீழே வைத்தாள். "வேணாம்" என்று அம்மா சொல்வாள் என்று பல்லி நினைத்தாள். தம்பிதான் சொன்னான். ராத்திரி வேலை முடிந்து விடிகாலையில் வந்து படுத்தவன், பேச்சுக் குரலில் எழுந்து வந்து, சமையலறை வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அக்கா, திங்கட்கிழமை டெஸ்ட் இருக்கு தெரியுமில்ல?"

தெரியும். எக்ஸ்ரே மெஷின் முன்னால் உட்காரவைத்து ஒரு கரைசலை விழுங்கச் சொல்லி, அது எங்கே போகிறது என்று பார்ப்பார்கள். சரியான வழியில் போனால் குழாயை எடுக்கப் பார்ப்பார்கள். போகாவிட்டால் வயிற்றில் துளை போட்டு நேராக அங்கே ஒரு குழாய். அதற்குப் பிறகு வருடக் கணக்கில் அதுதான்.

"வாசனை பிடிச்சா டெஸ்ட் கெட்டுடுமாடா?"

"வாசனை பிடிச்சா ஆசை வரும். ஆசை வந்தா கேப்பாரு. கேட்டா யார் 'இல்ல'ன்னு சொல்றது? நீயா? நாளைக்கு மத்தியானம் பஸ் ஏறிடுவே." அவன் குரலை உயர்த்தவில்லை. "ரெண்டு நாளைக்கு வந்துட்டு எல்லாத்தையும் கலைச்சுட்டுப் போகாதே அக்கா. தினம் அவரைக் குளிப்பாட்டறது நான். சோப்பு வாசனைக்கே கண்ணு கலங்குது அவருக்கு."

எட்டு மாதம் ஏன் வரவில்லை என்பதற்கு அவளிடம் காரணங்கள் இருந்தன. லேபில் ஆள் குறைவு, லீவு கிடைக்கவில்லை என்பதெல்லாம் போனில் சொல்ல நன்றாக இருக்கும். நேரில் நிற்கும்போது வாயில் வரவில்லை.

அப்போது முன்னறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "மூக்கும் கேக்குது. காதும் கேக்குது."

அம்மா பையை எடுத்து பல்லியின் கையில் கொடுத்தாள். "கண்ணு தெளிவா இருக்கறதாப் பார்த்து வாங்கு. பெருசு வேணாம்."

மீனை அவள்தான் கழுவினாள். மிளகாய்த்தூள், பூண்டு, எலுமிச்சைச் சாறு, உப்பு பிசைந்து தடவி, அரை மணி நேரம் ஊறவைத்தாள். முதல் துண்டைச் சட்டியில் போட்டதும் அது ஒட்டிக்கொண்டது. திருப்பப் பார்த்தாள், தோல் பிய்ந்தது.

"எண்ணெய் காயல. அவசரம். தள்ளு."

அம்மா கரண்டியை வாங்கினாள். மூன்று மாதமாகப் பவுடரைக் கலக்கிய கை. சட்டியைக் கொஞ்சம் சாய்த்து எண்ணெயை ஒரு சுற்றுச் சுற்றவிட்டாள். விரலில் தண்ணீர் தொட்டுத் தெளித்தாள், சடசடவென்று பதில் வந்தது. "இப்போ போடு" என்றாள். அந்தச் சத்தத்தில் அம்மாவின் தோள் ஒரு அங்குலம் இறங்கியதைப் பல்லி பார்த்தாள். அதன் பிறகு அம்மா யாரையும் கிட்டே விடவில்லை. கரகரவென்று ஓரம் சிவக்கிற நேரம் பார்த்து ஒவ்வொன்றாகத் திருப்பினாள். நெற்றியில் வியர்வை. வாயோரத்தில் எப்போதோ பார்த்த ஒரு பிடிவாதம்.

வாசனை சமையலறையைத் தாண்டி, முன்னறைக்குப் போய், ஜன்னல் வழியாக இறங்கியது. கீழ் வீட்டுத் தையல்காரம்மா தெருவில் நின்று தலையைத் தூக்கினாள். "என்ன, மேல சமையல் பலமா இருக்கு? மக வந்தாச்சா?"

"வந்தாச்சு!" என்று அம்மா கத்தினாள். அவள் அப்படிக் கத்தி எத்தனை நாளாயிற்றோ.

ஒரு மணிக்கு முன்னறையில் மேஜையைக் கட்டிலோரமாக இழுத்துப் போட்டார்கள். சோறு, மீன், வெங்காயம் நறுக்கியது. தம்பி முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தான். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தலையை வாரச் சொல்லியிருந்தார்.

யாரும் கை வைக்கவில்லை.

"என்ன, பூஜைக்கா வெச்சிருக்கீங்க?" என்றார் அப்பா. "டேய், நீ எடு. அந்த ஓரத்தைக் கடி. சத்தம் கேக்கணும்."

தம்பி கடித்தான். மொறுமொறுவென்று கேட்டது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "உப்பு?" என்றார்.

"சரியா இருக்குப்பா."

"எலுமிச்சை?"

"ஒரு சொட்டு ஜாஸ்தி."

"அது பல்லி வேலை. அவளுக்கு எதையும் அளந்து பழக்கமில்ல."

எல்லாரும் சிரித்தார்கள். தம்பிகூட. நாலு பேரும் ஒரே மேஜையில் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டாள். பல்லிக்கு ஆறு மணி நேர பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வந்த ருசி நாக்கில் வந்து உட்கார்ந்தது. அது சந்தோஷமாகவும் இருந்தது, இப்படிச் சந்தோஷமாக இருக்கலாமா என்று பயமாகவும் இருந்தது.

"இங்கே தள்ளு," என்று அப்பா அவள் தட்டைக் காட்டினார்.

சின்ன வயதில் இரண்டு பிள்ளைகளுக்கும் மீனில் முள் எடுத்துக் கொடுப்பது அவர்தான். பலவீனமான வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு இப்போதும் எடுத்தார். நடுமுள்ளைப் பிரித்து, ஓர முட்களைத் தடவிப் பார்த்து, வெள்ளைச் சதையைச் சின்னச் சின்னதாக அவள் தட்டில் வைத்தார். ஒன்று. இரண்டு. மூன்றாவது துண்டு விரலிலேயே நின்றுவிட்டது.

அவர் அதைப் பார்த்தார். ஒரு நகம் அளவு சதை, ஓரத்தில் சிவப்பு மசாலா. பிறகு அவளைப் பார்த்தார்.

"ஒரே ஒரு வாய்," என்றார்.

தம்பி கையிலிருந்த மீனைத் தட்டில் வைத்தான்.

"மென்னுட்டுத் துப்பிடறேன். விழுங்க மாட்டேன். பல்லி, நீ சொல்லு இவங்ககிட்ட."

அவர் அம்மாவைக் கேட்கவில்லை. தம்பியைக் கேட்கவில்லை. நாளைக்குப் பஸ் ஏறப்போகிறவளைக் கேட்டார்.

"கூடாது!" அம்மா எழுந்துவிட்டாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "சொன்னா சொன்னதுதான். திங்கட்கிழமை வரைக்கும் ஒரு பருக்கை கூடாது. எடுடா தட்டை!"

தம்பி தட்டுகளை எடுத்தான். அக்காவின் பக்கம் திரும்பாமலே அவள் தட்டையும் எடுத்தான். திட்டியிருந்தால் தேவலை. அப்பா விரலில் இருந்ததைத் தானே டவலில் துடைத்துக்கொண்டார். "சரி, சரி" என்றார், திட்டு வாங்கிய பிள்ளையைப் போல. கண்ணிலிருந்து வழிந்ததை அதே டவலால் துடைத்துக்கொண்டார். அதில் மசாலா இருந்திருக்க வேண்டும். இன்னும் அதிகமாக வழிந்தது.

இரண்டு மணிக்குத் தம்பிக்குப் போன் வந்தது. எங்கோ எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவில் லிப்ட் நின்றுவிட்டதாம், உள்ளே மூன்று பேராம். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு ஓடினான்.

அவன் வண்டிச் சத்தம் தெருக்கோடியைத் தாண்டியதும் அம்மா சொன்னாள், "மூக்குல ஒட்டற பிளாஸ்திரி தீர்ந்துபோச்சு. மருந்துக்கடைக்குப் போய்ட்டு வந்துடறியா? பெரிய கடைக்கே போ. நடந்தே போ, நல்ல காத்து."

பல்லி கிளம்பினாள். தெருமுனை வரை போனவளுக்கு எந்த அகலப் பிளாஸ்திரி என்று கேட்கவில்லையே என்று தோன்றியது. பழைய அட்டையை எடுத்துப் போனால் காட்டி வாங்கலாம். திரும்பினாள். கதவு தாழிடாமல்தான் இருந்தது.

முன்னறை வாசலில் அவள் நின்றுவிட்டாள்.

அம்மா கட்டிலில், அப்பாவுக்கு நேரெதிரே, முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தாள். கையில் சின்னக் கிண்ணம். மீனைக் குழைந்த சோற்றோடு மசித்துப் பசை மாதிரி செய்திருந்தாள். ஸ்பூன் நுனியில் ஒரு பொட்டு எடுத்து அவர் நாக்கில் வைத்தாள்.

"தாடையைக் கீழே இறக்குங்க. அப்படித்தான். அவசரமில்ல. அவசரமே இல்ல."

அப்பா கண்ணை மூடியிருந்தார். தாடை மெல்ல அசைந்தது. நெற்றிச் சுருக்கம் விரிந்தது. மூன்று மாதமாக நோயாளி முகமாக இருந்த முகம், சட்டியின் மூடியைத் திறந்து பார்க்கும் முகமாக மாறிக்கொண்டிருந்தது. அம்மாவின் வாயும் கூடவே அசைந்தது, குழந்தைக்கு ஊட்டுகிறவர்களுக்கு அசைவது போல.

"அம்மா, வேணாம்" என்று அவள் கத்தியிருக்கலாம். இரண்டு வினாடி அவகாசம் இருந்தது. அந்த முகத்தைக் கலைக்க அவளால் முடியவில்லை.

அவர் விழுங்கினார்.

ஒன்றும் ஆகவில்லை. அம்மா சிரித்தாள். அடுத்த ஸ்பூனைத் தொட்டாள்.

அப்போதுதான் இருமல் வந்தது. முதலில் சின்னதாக, பிறகு அடியிலிருந்து. முகம் சிவந்து, சிவப்பு கறுத்து, உதட்டோரம் நீலம் தட்டியது. பல்லி பாய்ந்து அவரை முன்னால் சாய்த்து முதுகைத் தட்டினாள். அம்மா கிண்ணத்தைப் பிடித்தபடியே, "என்னங்க, என்னங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷம் இருக்கும். அதற்குள் பல்லி மனதுக்குள்ளேயே அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய், தம்பிக்குப் போன் செய்து, எல்லாம் முடிந்துபோனதுவரை பார்த்துவிட்டாள்.

கடைசியில் அவருக்கு மூச்சு வந்தது. தலையணையில் சாய்ந்தார். நெற்றியில் கை வைத்தவள் கையை எடுக்கவில்லை. சுட்டது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாள். நூறு புள்ளி நான்கு. இப்போது வந்த சூடு இல்லை அது.

அவர் கண்ணயர்ந்ததும் அம்மாவைச் சமையலறைக்கு அழைத்துப் போனாள்.

"எத்தனை நாளா?"

அம்மா கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவின கிண்ணத்தையே திரும்பவும் கழுவினாள்.

"பத்து நாள்."

"அம்மா!"

"முதல்ல வாழைப்பழம். ஒரு பொட்டு. நல்லா இறங்குச்சு. மறுநாள் முட்டை மஞ்சக்கரு. அதுவும் இறங்குச்சு. விழுங்கற பயிற்சிக்கு வர்ற டீச்சர் சொல்லிக்குடுத்த மாதிரியே தாடையை இறக்கச் சொல்லித்தான் குடுக்கறேன். இருமல் வந்தா நிறுத்திடுவேன்."

"மேஜையில அப்படிக் கத்தினே?"

"உன் தம்பி இருந்தானே."

அம்மா தண்ணீர்க் குழாயை மூடினாள்.

"முப்பத்தஞ்சு வருஷம் அந்த மனுஷனுக்குப் போட்டேன்டி. ஒரு நாள் நல்லா இல்லன்னு தட்டைத் தள்ளினதில்ல. இப்போ மூணு மாசமா குழாய்க்கு ஊத்தறேன். அவருக்கு இல்ல, குழாய்க்கு. ஒரு நாள் என்னைப் பார்த்து, 'நான் சாப்பிட்டே செத்துப்போறேனே'ன்னார். சொல்லிட்டு அழுதார். அதுக்கு முன்னாடி உங்கப்பா அழுது நீ பார்த்திருக்கியா? நான் பார்த்ததில்ல. எனக்கு முடியல. தப்புன்னு தெரியும். முடியல."

திட்ட வேண்டும் என்று பல்லிக்கு ஆத்திரம் வந்தது. யாரைத் திட்டுவது? வாசலில் நின்று வாய் மூடிப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவளும்தானே. அம்மாவின் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"அவனுக்குத் தெரிய வேணாம்," என்றாள் அம்மா. "ராத்திரி பகல் பார்க்காம அவரைத் தூக்கித் தூக்கி முதுகு போச்சு அவனுக்கு. நானே கெடுத்துட்டேன்னு தெரிஞ்சா இந்த ஜென்மத்துல என் முகத்தைப் பார்க்க மாட்டான்."

நாலரை மணிக்கு அம்மாவின் போன் அடித்தது. விழுங்கும் பயிற்சி சொல்லிக்கொடுக்க வாரம் இரண்டு முறை வீட்டுக்கு வருகிற பெண். எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். போனைக் காதில் வைத்துப் பேசி அம்மாவுக்குப் பழக்கமில்லை. ஸ்பீக்கரில் போட்டு, கையில் ஏந்திக்கொண்டு, அப்பாவின் கட்டிலோரத்தில் நின்றே பேசினாள்.

"அம்மா, திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வந்துடுங்க. அதுக்கு முன்னாடி வழக்கமா கேக்கற கேள்விதான். இருமல் இருக்கா?"

"லேசா... குளிர்காத்து."

"காய்ச்சல்?"

அம்மா மகளைப் பார்த்தாள். "இல்லையே."

அப்பா கண் விழித்திருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குள் நீர் கொதிப்பது போல ஒரு சத்தம். அரை மணி நேரத்துக்கு முன் அது இல்லை.

"வாய் வழியா ஏதாவது குடுத்தீங்களா? ஒரு சொட்டாவது? சொல்லிடுங்கம்மா, தப்பில்ல. நெஞ்சுல சளி கட்டியிருந்தா டெஸ்ட்டைத் தள்ளிட்டு முதல்ல மருந்து ஆரம்பிக்கணும். லேட் பண்ணா ஆபத்து."

அம்மாவின் உதடு "இல்ல" என்று குவிந்தது.

பல்லி போனை வாங்கினாள்.

"டீச்சர், நான் அவங்க பொண்ணு பேசறேன். நேத்து சாயங்காலம்தான் வந்தேன். அப்பாவுக்குக் காய்ச்சல் நூறு புள்ளி நாலு. நெஞ்சுல சத்தம் கேக்குது."

"ஏதாவது சாப்பிடக் குடுத்தீங்களா?"

கட்டிலில் அப்பா தலையை இப்படியும் அப்படியும் அசைத்தார். சொல்லாதே, சொல்லாதே. அவர் பார்வை பல்லியின் மேல் இல்லை. அம்மாவின் மேல் இருந்தது.

"குடுத்தேன்," என்றாள் பல்லி. "மீன். மத்தியானம். நான்தான் குடுத்தேன்."

அம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வார்த்தைக்கு முன்னால் இருமல் வந்துவிட்டது.

அந்த இருமலில் படியேறி வந்த காலடி யாருக்கும் கேட்கவில்லை. பல்லி திரும்பினபோது கதவருகே தம்பி நின்றிருந்தான். கையில் ஹெல்மெட். சட்டை முழுக்க கிரீஸ். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. அக்காவை அவன் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. எதிர்பார்த்தது நடந்துவிட்ட ஒருவனின் அசதிதான் இருந்தது.

சரி, இது என்மேல் இருக்கட்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நாளைக்குப் போகிறவள்தானே. அவன் கோபத்தை நான் எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன். இந்த வீட்டில் இருக்கப்போகிற மூன்று பேரும் நன்றாக இருக்கட்டும்.

போனில் டீச்சரின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"நான் இப்பவே டாக்டர்கிட்ட பேசறேன். நீங்க உண்மையைச் சொன்னது நல்லதாப் போச்சு. இன்னும் ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இன்னைக்கு ஒரு நாள்தான் குடுத்தீங்களா, இல்ல நாலஞ்சு நாளா குடுத்துட்டு இருக்கீங்களா? ஒரு தடவைன்னா மருந்து வேற. பல நாளாப் போயிருந்தா இப்பவே ஆஸ்பத்திரியில சேர்க்கணும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இதுல தப்பாச் சொன்னீங்கன்னா அவர் உயிருக்கே..."

நேற்று சாயங்காலம்தான் வந்தேன் என்று அவள் தன் வாயாலேயே சொல்லியிருக்கிறாள். பத்து நாள் என்றால், கொடுத்தது யார் என்று தம்பிக்குத் தெரிந்துவிடும்.

தம்பி ஹெல்மெட்டை மேஜையில் வைத்துவிட்டு, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டு நின்றான்.